பன்னிரண்டு கிராம்

இணுவில்
12.08.2024

நிவே,

உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் சைக்கிளில் பத்து நிமிடம். அப்படியிருக்கக் கொக்குவிலுக்குத் தபாலில் ஏன் கடிதம் வருகிறது என்று யோசிப்பாய். போனில் கேட்டால் நீ அழுவாய். நீ அழுதால் நான் கேட்க வந்ததை விட்டுவிட்டு உன்னைத் தேற்றத் தொடங்கிவிடுவேன். நேரில் என்றால் இன்னும் மோசம். அதனால் எழுதுகிறேன். நீயும் எழுத்தில்தான் பதில் தர வேண்டும்.

சனிக்கிழமை லவீனா தன் தாயோடு வந்தாள். நாவற்குழியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார்கள். பேபி யூனிற்றில் உன்னோடு நின்ற அந்த இளம் தாதி என்று தெரிந்ததும் நான் படலையைத் திறக்கவில்லை. என் பிள்ளையின் சிறுநீரகத்தைப் பாழாக்கியவள், என் முறைப்பாட்டால் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவள், என் வீட்டு வாசலில் என்ன செய்கிறாள் என்று கோபம் வந்தது. அவள் வெயிலில் நின்றபடியே சொன்னாள்:

"அக்கா, அண்டைக்குப் பின்னேரம் நான் உங்கடை பிள்ளையின்ரை கட்டிலடிக்கே போகேல்லை. நிவேதனா அக்கா தான் பாக்கிறன் எண்டு கேட்டு வாங்கினவா. விசாரணையிலை சொன்னனான். ஒருத்தரும் நம்பேல்லை."

பிறகு போனில் ஒரு படம் காட்டினாள். மார்ச் பதினோராம் திகதி என் பிள்ளை கஜானனுக்குச் சிறுநீர் எவ்வளவு போனது என்று எழுதும் சலத் தாள். அடுத்த நாள் காலை பிள்ளை வீங்கிக் கிடந்தபோது பயத்தில் எடுத்துவைத்தாளாம். பின்னேரம் மூன்று இடத்தில் எழுதியிருக்கிறது. பன்னிரண்டு, பத்து, பன்னிரண்டு. கையொப்பம் இட வேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறது.

உன் அண்ணையைக் கட்டி நான் உனக்கு மச்சாளாவதற்கு முன்பே ஒரே வாங்கில் எட்டு வருடம் உனக்குப் பக்கத்தில் இருந்து படித்தவள் நான். நீ இரண்டு போடும்போது வாலை மேலே வளைத்து ஒரு சுழி போடுவாய். கணக்கு ரீச்சர் அதற்காக உன் கையில் அடித்தது உனக்கு மறந்திருக்கலாம்.

அந்தச் சுழி படத்தில் இரண்டு இடத்தில் இருக்கிறது. என்ன நடந்தது என்று எழுது.

கௌரி


கொக்குவில்
17.08.2024

அன்பு மச்சாள் கௌரிக்கு,

உன் கடிதத்தை வாசித்து இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. யாரோ ஒருத்தி படலையில் வந்து நின்று ஒரு படத்தைக் காட்டினால், இத்தனை வருடம் பழகிய என்னிடம் இப்படிக் கேட்பாயா?

யூனிற்றுக்குள் போனில் படம் எடுப்பதே குற்றம். அவள் வேலையைக் காப்பாற்ற எதையும் செய்வாள். அன்றைய பெயர்ப்பட்டியலில் கஜானனின் கட்டிலுக்கு அவளின் பெயர்தான் இருந்தது. விசாரணைக் குழுவும் அதைத்தான் பார்த்தது. நான் இடையிடையே எட்டிப் பார்த்திருக்கலாம், உதவிக்கு ஏதும் எழுதியும் இருக்கலாம். அன்று பின்னேரம் கிளிநொச்சியிலிருந்து இரட்டைப் பிள்ளைகளைக் கொண்டுவந்தார்கள். இரண்டும் மூச்சுக்குத் திணறின. அந்த அமளியில் யார் எதை எழுதினோம் என்று ஐந்து மாதத்துக்குப் பிறகு எனக்கு எப்படி ஞாபகம் இருக்கும்?

இன்னொன்றும் உனக்குத் தெரிய வேண்டும். பிறக்கும்போது மூச்சுவிடாமல் இருந்த பிள்ளைக்கு இரத்த ஓட்டம் குறைந்து சிறுநீரகம் அடிபடுவது வழமை. கஜானன் அழுவதற்கு ஆறு நிமிடம் எடுத்தது. எவர் பார்த்திருந்தாலும் இது வந்திருக்கும். டொக்டரும் உனக்கு அதைத்தானே சொன்னவர்.

அம்மாவுக்குச் சீனி கூடி இருக்கிறது. இந்தக் கதை அவவின் காதுக்குப் போக வேண்டாம். அண்ணையும் நீ நித்திரையில்லாமல் களைத்துப்போயிருக்கிறாய் என்று சொன்னார். பிள்ளை தேறி வருகிற நேரத்தில் பழையதைக் கிண்டாதே, கௌரி.

உன்,
நிவே


இணுவில்
20.08.2024

நிவேதனா,

நான் கேட்டது ஒன்று. நீ எழுதியது வேறு.

எவர் பார்த்திருந்தாலும் வந்திருக்கும் என்கிறாய். இருக்கலாம். அதைக் கேட்கவில்லை. அன்று பின்னேரம் நான் மேல் மாடி வார்ட்டில் வயிற்றில் தையலோடு கிடந்தேன். படியிறங்க விடவில்லை. பிள்ளையைப் பிறந்த அன்று ஒரு தரம் தூரத்திலிருந்து காட்டினதோடு சரி. ஐந்தே காலுக்கு நீ பிளாஸ்கில் தேத்தண்ணியோடு வந்தாய். யூனிற் உடுப்போடு வந்து கட்டில் நுனியில் இருந்தாய். நான் கேட்டேன், எப்பிடி இருக்கிறான் என்று. நீ என் காலைத் தடவிக்கொண்டு சொன்னாய்:

"சலம் வடிவாப் போகுது, மச்சாள். யோசியாமல் படு."

அதைக் கேட்டு நான் நித்திரை கொண்டேன். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. என் பிள்ளைக்குச் சலம் நின்றுபோன நேரத்தில் நான் நிம்மதியாக நித்திரை கொண்டிருக்கிறேன்.

அடுத்த நாள் காலை சக்கர நாற்காலியில் என்னைக் கீழே கொண்டுபோனார்கள். அவனுக்குக் கண் திறக்க ஏலாத வீக்கம். காலில் விரலால் தொட்டால் குழி விழுந்து அப்படியே நின்றது. நான் இது வேறு யாரோ ஒருவரின் பிள்ளை என்று சொன்னேன். அவனின் வயிற்றில் குழாய் வைத்து மருந்துத் தண்ணியை உள்ளே விட்டு வெளியே எடுத்தார்கள். ஒன்பது நாள். நான் பாலைப் பீய்ச்சிப் பீய்ச்சிக் கிண்ணத்தில் வைத்தேன், அவனுக்குக் கொடுக்க விடவில்லை. வெளியே வந்த தண்ணியை அளக்கும்போதெல்லாம் நீ என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாய்.

மே மாதம் யூனிற்றைப் பற்றி முறைப்பாடு கொடுக்க வேண்டும் என்று நான்தான் சொன்னேன். பொதுவாக எழுதினால் ஒருவரும் கவனிக்க மாட்டார்கள், ஆளின் பெயரைப் போட வேண்டும் என்றது நீ. எங்கள் விறாந்தையில் இருந்து நீ சொல்லச் சொல்ல நான் எழுதினேன். "கடமையில் இருந்த தாதி லவீனா என்பவரின் கவனயீனத்தால்" என்ற வரியை நீதான் சொன்னாய். என் கையெழுத்து. உன் வார்த்தை.

அவளுக்கு இருபத்துநாலு வயது. தகப்பன் இல்லை. படலையில் நின்ற தாய் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. போகும்போது மட்டும், "பிள்ளைக்கு இப்ப எப்பிடி?" என்று கேட்டா.

அன்று ஒரு மணியிலிருந்து ஏழு மணி வரை, மணிக்கு மணி என்ன நடந்தது என்று எழுது. சீனி வருத்தம், நித்திரை, களைப்பு ஒன்றும் எனக்கு வேண்டாம்.

சிவகௌரி


கொக்குவில்
02.09.2024

கௌரி,

நான்கு தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். இதை எழுதி முடித்த உடனே தபாற்பெட்டியில் போடப்போகிறேன்.

லவீனா சொன்னது உண்மை. பெயர்ப்பட்டியலில் கஜானன் அவளுக்குத்தான். சொந்தக்காரரின் பிள்ளையை நாங்கள் பார்க்கக் கூடாது. ஒரு மணிக்கு நான் அவளைக் கூப்பிட்டு, "நீ என்ரை கட்டிலைப் பார், நான் இவனைப் பாக்கிறன்" என்றேன். அவள் சரியக்கா என்றாள். வேறு எவரின் கையிலும் அவனை விட எனக்கு மனமில்லை. அது பொய்யில்லை, கௌரி.

நாப்கின் மாற்றும்போது தராசில் வைத்து நிறுத்து, காய்ந்த நாப்கினின் நிறையைக் கழித்து, மிச்சம் எத்தனை கிராமோ அதுதான் சலம் என்று எழுதுவோம். மூன்று மணிக்குக் கழற்றினேன். காய்ந்திருந்தது. கையால் அழுத்திப் பார்த்தேன். தராசில் வைத்தேன். ஒன்றுமில்லை.

அந்த நேரமே டொக்டரைக் கூப்பிட்டிருக்க வேண்டும். அன்று காலை நான் வேலை தொடங்க முன்பே வந்து அவனைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மூச்சு எண்ணிக்கை கூடின மாதிரி இருந்தது என்று இரண்டு தரம் டொக்டரைக் கூப்பிட்டேன். இரண்டு தரமும் ஒன்றுமில்லை. இரண்டாம் தரம் அவர் எல்லாருக்கும் முன்னால் சொன்னார்: "சொந்தப் பிள்ளை எண்டு பதறுற ஆக்கள் இந்த யூனிற்றுக்குள்ளை நிக்கேலாது. இன்னொருக்கா இப்பிடிக் கூப்பிட்டால் உம்மை வேறை வார்ட்டுக்கு மாத்திப்போடுவன்."

மூன்றாம் தரம் கூப்பிட்டால் என்னை வெளியே அனுப்பிவிடுவார், பிறகு அவனுக்குப் பக்கத்தில் யார் நிற்பது என்று நினைத்தேன். பட்டியலில் இல்லாத பிள்ளையை ஏன் பார்த்தாய் என்றும் கேட்பார். இன்னும் ஒரு மணித்தியாலத்தில் சலம் போய்விடுவான் என்று எனக்கு நானே சொன்னேன். அந்த இடத்தை வெறுமையாக விட்டால் கேள்வி வரும். பன்னிரண்டு என்று எழுதினேன். மூன்று கிலோவுக்குக் கிட்ட உள்ள பிள்ளைக்கு அது நல்ல அளவு. நன்றாக யோசித்துத்தான் எழுதினேன்.

ஐந்து மணிக்கும் காய்ந்திருந்தது. பத்து என்று போட்டேன். அதற்குப் பிறகுதான் உன்னிடம் வந்தேன். உன் காலைத் தடவியது எனக்கு ஞாபகம் இருக்கிறது. காலைப் பார்த்துக்கொண்டிருந்தால் உன் முகத்தைப் பார்க்கத் தேவையில்லை என்றுதான் தடவினேன்.

ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்பு மூன்றாவது. அதுவும் காய்ந்ததுதான். இரட்டைப் பிள்ளைகள் வந்தது ஆறரைக்கு. மற்ற இரண்டு தரமும் யூனிற் அமைதியாக இருந்தது. நேரம் இல்லாமல் போனது என்று உனக்கு எழுதியது பொய்.

அடுத்து வந்தவர்களிடம் சலம் போகுது என்று சொல்லிவிட்டுப் போனேன். அவர்கள் தாளை நம்பி எட்டு மணிக்கு அவனுக்குரிய, கிருமியைக் கொல்லும் ஊசியைப் போட்டார்கள். சலம் நின்ற பிள்ளைக்கு அந்த ஊசியை நிறுத்திவைத்து முதலில் இரத்தம் பார்க்க வேண்டும். உடம்பில் தங்கிச் சிறுநீரகத்தை இன்னும் கெடுக்கும். சேலைனையும் குறைக்காமல் விட்டார்கள். விடியும்வரை எல்லாம் அவனுக்குள்ளேயே நின்றது. மூன்று மணிக்கு நான் வாயைத் திறந்திருந்தால் அவனுக்கு ஒன்றும் வந்திருக்காது என்று சொல்ல ஏலாது. இவ்வளவு வந்திருக்காது. அது எனக்குத் தெரியும்.

விசாரணைக்குக் கூப்பிட்டபோது பட்டியல் அவர்களின் மேசையில் கிடந்தது. லவீனாவா பார்த்தது என்று கேட்டார்கள். ஓம் என்றேன். ஒரு சொல்தான் சொன்னேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அதை மறைத்தால் இந்தக் கடிதமும் பழையது மாதிரித்தான். அண்ணைக்குத் தெரியும். கஜானனுக்கு வயிற்றில் குழாய் வைத்த அடுத்த நாள், சைக்கிள் விடும் இடத்தில் வைத்து அவரிடம் எல்லாம் சொன்னேன். அவர் சைக்கிளின் பூட்டைத் திறந்தார். பிறகு, "கௌரிக்குச் சொல்லாதை. பிள்ளை தப்பட்டும், பாப்பம்" என்றார். பிள்ளை தப்பினான். பிறகு, "இனிச் சொல்லி என்ன?" என்றார். முறைப்பாடு எழுதிய அன்று உள்ளே போய்த் தாள் எடுத்து வந்து உன் முன்னால் வைத்தவர் அவர்தான்.

நிவேதனா


இணுவில்
09.09.2024

நிவேதனா,

உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. வாசித்து முடிக்கும்போது உன் அண்ணை கிணற்றடியில் பிள்ளையின் துணி அலசிக்கொண்டு நின்றார். அவர் நல்ல தகப்பன். அவனுக்கு எந்த நேரம் மருந்து, எவ்வளவு பால் எல்லாம் என்னைவிட அவருக்கு வடிவாகத் தெரியும். அதனால்தான் கடைசிப் பந்தியைத் திரும்பவும் வாசித்தேன்.

"நிவே உங்களுக்கு எப்ப சொன்னவள்?" என்று கேட்டேன்.

"என்னத்தை?"

"எனக்கு எழுதியிருக்கிறாள்."

கையிலிருந்த துணியைப் பிழிந்து கொடியில் போட்டார். அதை நேராக்கினார்.

"அஞ்சாம் நாள்" என்றார்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"அவள் என்ரை தங்கச்சி, கௌரி. சொன்னால் நீ விட்டிருக்க மாட்டாய். வேலை போயிருக்கும்."

"லவீனாவின்ரை வேலை?"

"அந்தப் பிள்ளையை எங்களுக்குத் தெரியாதே" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. யோசித்து, உள்ளதைத்தான் சொன்னார். நீ பயத்தில் செய்தாய். அவருக்குப் பயம் இல்லை. ஐந்தரை மாதம் தினமும் எனக்குப் பக்கத்தில் படுத்து எழும்பியிருக்கிறார். நான் அந்தப் பெட்டையைத் திட்டும்போதெல்லாம் தலையாட்டினார்.

கொஞ்ச நாளைக்குக் கொக்குவிலில் உங்கள் அம்மாவோடு போய் நில்லுங்கோ என்றேன். போகும்போது பிள்ளையின் மருந்து நேரங்களை ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிட்டுப் போனார். அந்த நேரங்கள் எனக்கும் தெரியும் என்று நான் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கஜானனையும் தூக்கிக்கொண்டு நாவற்குழிக்குப் போனேன். லவீனா பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். முறைப்பாட்டைத் திருப்பி எடுக்கும் கடிதத்தைக் காட்டினேன். வாசித்துவிட்டு மடித்துத் தந்தாள். "நீங்கள் பிழையா எழுதீட்டன் எண்டு சொன்னால் போதாதக்கா. அந்தத் தாளிலை எழுதினது ஆர் எண்டு அவையளுக்குத் தெரிய வேணும்" என்றாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. பிள்ளையைத் தரச் சொல்லி வாங்கி, காலை அழுத்திப் பார்த்தாள். வீக்கம் இல்லை என்றாள்.

உன் கடிதத்தை நானே விசாரணைக் குழுவுக்குக் கொடுக்கலாம். கொடுத்தால் உன்னைக் காட்டிக்கொடுத்தது கௌரி என்று ஆகும். நீ பாவம் என்று ஊர் சொல்லும். உனக்கு அந்த வசதியை நான் தர மாட்டேன். உன் காலால் நடந்துபோய் உன் வாயால் சொல்லு. சொல்லாவிட்டால் என்ன செய்வேன் என்று எழுதப் போவதில்லை. லவீனாவின் தாய்க்கு என்ன பதில் சொல்வது என்று மட்டும் நீ யோசி.

சிவகௌரி


கொக்குவில்
27.09.2024

கௌரி,

செவ்வாய்க்கிழமை போனேன். எழுதிக் கொடுத்தேன். வாசித்துவிட்டு, இது உம்முடைய சொந்த விருப்பமா என்று கேட்டார்கள். ஓம் என்றேன். போன தரம் சொன்ன அதே சொல்தான். என்னை வேலையிலிருந்து நிறுத்தியிருக்கிறார்கள். முழு விசாரணை இனித்தான். தாதிப் பதிவும் போகலாம் என்கிறார்கள். லவீனாவை அடுத்த மாதத்திலிருந்து திரும்ப எடுக்கிறார்கள்.

வெளியே வரும்போது அவள் வாங்கிலில் இருந்தாள். அவளையும் கூப்பிட்டிருந்தார்கள். நான் பக்கத்தில் போய் மன்னிப்புக் கேட்டேன். "எழுதிக் குடுத்தது காணும், மிஸி" என்றாள். எந்த நாளும் என்னை அக்கா என்று கூப்பிட்டவள், நோயாளர் தாதியைக் கூப்பிடுகிற மாதிரி மிஸி என்றாள்.

அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். அவ அன்று முழுக்க விளக்கு வைக்கவில்லை. அண்ணை முன்னறையில் படுக்கிறார். நானும் அவரும் கதைப்பதில்லை. நான் உனக்கு எழுதியது அவருக்குக் கோபம். அவருக்குத் தெரியும் என்பதை எழுதாமல் விட்டிருக்கலாமாம்.

கஜானனுக்குப் பல் வெளிக்கிட்டுவிட்டது என்று அம்மா சொன்னா. அவனின் தலையில் பல்லுக்கொழுக்கட்டை எப்போது கொட்டப்போகிறாய்? தகப்பனின் தங்கை என்று உரிமை கேட்கவில்லை. ஒரு மூலையில் நின்று பார்த்துவிட்டு வந்துவிடுவேன். அவனைத் தொட மாட்டேன். நீ வா என்றால் வாறேன்.

நிவே


இணுவில்
24.10.2024

நிவேதனா,

நீ போய்ச் சொன்னது நல்லது. லவீனாவின் தாய் போன் எடுத்துச் சொன்னா. உனக்குப் பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது. வேண்டுமென்றுதான்.

பல்லுக்கொழுக்கட்டை போன வெள்ளிக்கிழமை கொட்டிவிட்டோம். மாமியை, உன் அம்மாவை, கூப்பிட்டேன், வந்தா. அவவின் கையால்தான் கொட்டச் சொன்னேன். கொட்டும்போது அவவுக்குக் கண்ணீர் வந்தது. யாரை நினைத்து என்று நான் கேட்கவில்லை. உன் அண்ணை ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பிள்ளையோடு இருந்துவிட்டுப் போகிறார். திரும்ப வந்து இருப்பதைப் பற்றிக் கேட்டார். எனக்கு இன்னும் தெரியாது என்றேன். தெரியாதுதான்.

நேற்று கிளினிக். நீ கேட்க மாட்டாய் என்று தெரியும், கேட்க ஆசைப்படுவாய் என்றும் தெரியும். அதனால் எழுதுகிறேன். இரத்தத்தில் கிறியற்றினின் போன தரத்தைவிடக் குறைந்திருக்கிறது. இன்னும் சாதாரண அளவுக்கு வரவில்லை. முழுக்கத் திரும்புமோ என்று இப்போது சொல்ல ஏலாதாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரத்தம், ஒவ்வொரு முறையும் பிரஷர். வளர்ந்து பெரிய ஆளான பிறகும் பார்க்க வேண்டும் என்றார்.

டொக்டர் மேசையில் அவனைப் படுக்கவைத்து நாப்கினைக் கழற்றினார். கழற்றினதுதான் தாமதம், அவன் காலை உதைத்துக்கொண்டு நேரே மேலே சலம் அடித்தான். டொக்டரின் கழுத்துப்பட்டி, மேசையிலிருந்த கோப்பு, என் சேலை எல்லாம் நனைந்தது. "இதுக்கு மேலை எனக்கு றிப்போர்ட் வேண்டாம்" என்று டொக்டர் சிரித்தார். வரிசையில் இருந்த தாய்மாரும் சிரித்தார்கள். அவன் பிறந்ததிலிருந்து நான் அப்படிச் சிரிக்கவில்லை.

சிரித்துக்கொண்டே பக்கத்தில் திரும்பி, "பாத்தியே, நிவே" என்று சொல்லிவிட்டேன். வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பக்கத்தில் இருந்த பிள்ளைத்தாய்ச்சிப் பெண் என்னைப் பார்த்தாள்.

எது நடந்தாலும் முதலில் உனக்குச் சொல்லிப் பழகிவிட்டேன். அந்தப் பழக்கம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. அது போகும்வரை இந்த வீட்டுக்கு நீ வர வேண்டாம். போன பிறகு வா. அப்போது நீ எனக்கு அவரின் தங்கை மட்டும்தான். அவரின் தங்கை வந்தால் தேத்தண்ணி கொடுப்பேன்.

சிவகௌரி